நெல்லுக்கு ஏது பஞ்சப்படி?



டீக்கடையில் நாலு பெரிசுகள் உட்கார்ந்தால் போதும். "எண்பதுல எல்லாம் சல்லிசுப்பா. பத்து ரூபா எடுத்துக்கிட்டு திருவொற்றியூர் போனா பை நிறைய வாங்கியாரலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம வயசுக்காரர்களும் இப்போது பெரிசுகள் கணக்கில் சேர்ந்தாச்சு. பேச்சு என்னவோ சுகமாகத்தான் இருக்கிறது. முடிகிற இடம்தான் சரியில்லை. "அது ஒரு காலம். இனிமே பயிர் வெச்சு ஒண்ணும் ஆவப்போறதில்ல. நல்ல வெல வருது, குடுத்துடு" என்று முடிகிறது. பக்கத்து பெஞ்சிலேயே நிலத் தரகர் டீ குடித்துக்கொண்டு இருக்கிறார்!

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் கணக்குப் பார்க்க விடாமல் செய்துவிட்டார்கள். இந்த ஒருமுறை பார்த்துவிடுவோம். எண்பதுகளில் யாருக்கு எது சல்லிசு? அந்தச் சல்லிசுக்கு விலை கொடுத்தது யார்?

அன்றைக்கு நாம் பார்த்த வடசென்னை

மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துப் பிள்ளைகளான நமக்குப் பட்டணம் என்றால் அது எண்ணூரும் திருவொற்றியூரும் ராயபுரமும்தான். விடியற்காலை கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் கீரைக்கட்டும் கத்திரிக்காய்க் கூடையுமாக அப்பன்மார்கள் ஏறுவார்கள். பள்ளிக்கூடம் லீவு என்றால் சுமை பிடிக்க நாமும் கூடப் போவோம். அத்திப்பட்டு தாண்டினால் வெள்ளை வெளேரென்று உப்பளம். எண்ணூரில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. அப்புறம் கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று வரிசையாக ஆலைகள். எண்ணூரில் லேலண்ட் லாரி, திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட், எம்.ஆர்.எஃப். டயர், விம்கோ தீப்பெட்டி. அந்தப் பக்கம் மணலியில் 1971-லிருந்து உரத் தொழிற்சாலை. நாம் வயலில் போடுகிற உரம் அங்கே தயாராகிறது என்று அப்பா காட்டுவார். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் அப்போதே பழசு. அதையும் தாண்டிப் போனால் கொத்தவால் சாவடி. 1996-ல் கோயம்பேட்டுக்குப் போகிறவரைக்கும் நம்ம காய்க்கு விலை சொன்னது அந்தச் சந்துதான்.

ஆலைச் சங்கு ஊதி ஷிப்டு விட்டால் ரோடே காக்கிச் சட்டையாக இருக்கும். சம்பள நாளில் வியாபாரம் நன்றாக ஓடும். சரக்கு தீர்ந்து அப்பாவின் மனசும் நிறைந்திருந்தால் தண்டையார்பேட்டை மகாராணியிலோ அகஸ்தியாவிலோ ஒரு படம். தரை டிக்கெட்தான். ரஜினிக்கு 1980-ல் முரட்டுக்காளை, கமலுக்கு 1982-ல் சகலகலா வல்லவன். இரண்டிலும் கதாநாயகன் கிராமத்தான். அவன் அடித்தால் தியேட்டரே எழுந்து நின்று விசிலடிக்கும். விசிலடித்த அதே ஜனம் வெளியே வந்து, நம்ம கீரைக்கட்டுக்கு அஞ்சு பைசா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கும்! தண்ணியில்லாத கிராமத்தின் கதையாக 1981-ல் பாலச்சந்தர் எடுத்த தண்ணீர் தண்ணீர் தேசிய விருதே வாங்கியது. சினிமாவில் விவசாயிக்குக் கைதட்டல் குறையவில்லை. சந்தையில்தான் குறைந்தது.

பஞ்சப்படி என்ற சொல்லை முதலில் கேட்டதும் அங்கேதான். வாடிக்கையாக வாங்குகிற ஆலைத் தொழிலாளி ஒருத்தர், "இந்த மாசம் பஞ்சப்படி ஏறியிருக்குண்ணே" என்றார். "அது என்னாங்க?" என்று கேட்டார் அப்பா. "வெலவாசி ஏறுதுல்ல, அதுக்குத் தக்கன சம்பளமும் கூட ஏறும்" என்றார் அவர். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க கத்திரிக்காய்க்கு?" என்றார். அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் சிரிக்க அதில் ஒன்றுமில்லை.

தொழிலாளிக்கு அது யாரும் போட்ட பிச்சை இல்லை. 1918-ல் திரு.வி.க.வும் வாடியாவும் முன்நின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் ஏற்றிய மே தினக் கொடி, அதற்கப்புறம் எத்தனையோ வேலைநிறுத்தம். இவ்வளவுக்கும் பிறகு வாங்கியது. அவர் வாங்கினார். நாம் வாங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம்

ரூபாயில் கணக்குப் பார்த்தால் ஏமாந்துபோவோம். நெல்லில் பார்ப்போம்.

1980-81-ல் மத்திய அரசு சாதாரண நெல்லுக்கு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 105 ரூபாய். 1980-ல் தங்கம் 10 கிராம் சராசரியாக 1,330 ரூபாய், அதாவது சவரன் சுமார் 1,064 ரூபாய். பத்து குவிண்டால் நெல் போட்டால் மகள் கழுத்துக்கு ஒரு சவரன்.

2025-26-ல் ஆதார விலை 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர்ந்தால் 2,500. 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அப்போது அதே ஒரு சவரனுக்கு 36 குவிண்டால் நெல் வேண்டியிருந்தது!

"தங்கம் சூதாட்டச் சரக்குய்யா, அதை ஏன் இழுக்கறீங்க?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கல்லூரிக் கட்டணத்தையும் ஆஸ்பத்திரி பில்லையும் அறுவடை மிஷின் வாடகையையும் உங்கள் வீட்டு நோட்டிலேயே நெல்லாக மாற்றிப் பாருங்கள். கூலி ஏறியது நியாயம், அதில் நமக்குப் பேச்சே இல்லை. கூலி கொடுக்கிற அளவுக்கு நெல் விலை ஏறவில்லை என்பதுதான் நம்ம பேச்சு.

மனசாட்சியோடு இன்னொரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1981 ஜூலையில் யூரியா டன் 2,350 ரூபாய் ஆனது. 50 கிலோ மூட்டை 117 ரூபாய் 50 காசு. அந்தப் பருவத்தில் நெல் குவிண்டால் 115. ஒரு மூட்டை யூரியா வாங்க ஒரு குவிண்டால் நெல்லும் போதவில்லை! 2025-ல் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. சுமார் 11 கிலோ நெல்தான். அப்படியானால் அந்தக் காலம் நமக்குப் பொற்காலமா? கிடையவே கிடையாது. உரத்துக்கு அரசு மானியம் கொடுத்து விலையைப் பிடித்துவைத்ததால்தான் இன்றும் நம்மால் உரம் போட முடிகிறது.

மின்சாரமும் அப்படித்தான். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கோவையில் மாட்டுவண்டிகளை நிறுத்தி நகரத்தையே மறித்தார்கள். அந்தப் போராட்டக் காலத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள் விவசாயிகள். 1984-ல் சிறு விவசாயிக்கு இலவச மின்சாரம் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் அவர் கண்மூடினார். 1990-ல் எல்லா விவசாயிக்கும் வந்தது. இன்றைக்கு நாம் பட்டனைத் தட்டினால் மோட்டார் ஓடுகிறது என்றால் அதன் பின்னால் ரத்தம் இருக்கிறது.

கணக்கு சொல்லும் பாடம் இதுதான். எங்கே போராடி விலையைக் கட்டினோமோ அங்கே தாக்குப் பிடித்தோம். எங்கே சும்மா இருந்தோமோ அங்கே விழுந்தோம்.

யார் கணக்கிலும் வராத தண்ணீர்

பட்டணம் சல்லிசாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்துப் பெரிய ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வருஷக்கணக்கில் தண்ணீர் போனது. குடிக்கத் தண்ணி கேட்டால் கொடுக்க மாட்டோம் என்று சொல்கிற ஜாதி இல்லை விவசாயி. ஆனால் நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடல் தண்ணீர் மண்ணுக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. ஏற்றத்தில் இறைத்தபோது இளநீராட்டம் இருந்த கிணறு கரிக்க ஆரம்பித்தது. நெல் போட்ட இடத்தில் பயிர் கருகியது.

பட்டணத்துக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவர 1983-ல் ஆந்திராவோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1996-ல் தண்ணீர் வந்தது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தது. நல்ல காரியம். பட்டணத்துக்காகக் கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கத் தெரிந்தது. நம்ம கிணத்துக்குள்ளே புகுந்த கடல் தண்ணிக்கு என்ன வழி? அதைக் கேட்க ஆள் இல்லை, நம்மைத் தவிர.

பிள்ளைகளின் பஞ்சப்படியும் போச்சு

"சரி, பிள்ளைங்க ஆலை வேலைக்குப் போயிடட்டும்" என்பார்கள். போய்த்தான் இருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். ஆனால் அநேகம் பேர் காண்ட்ராக்ட். அன்றைக்கு அந்த வாடிக்கைக்காரருக்கு இருந்த பஞ்சப்படி, நிரந்தர வேலை, போனஸ் இவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எண்ணூர் அனல்மின் நிலையமே 2017-ல் மூடப்பட்டது. அப்பனின் நெல்லுக்குப் பஞ்சப்படி வரும் என்று பார்த்தால், மகனின் கூலிக்கு இருந்ததும் போச்சு! நிலத்தை விற்றுவிட்டால் இரண்டு காலும் ஊன்ற இடமில்லாமல் போகும். விற்ற காசு வீடு கட்டவும் கல்யாணத்துக்கும் கரைந்துபோன கதை ஊருக்கு நாலு இருக்கிறது.

நாம் கேட்பது என்ன?

1. 2004-ல் அமைத்த சுவாமிநாதன் ஆணையம் சொன்னபடி உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை. அந்தச் செலவில் நம்ம சொந்த நிலத்துக்கு உண்டான குத்தகையும், போட்ட முதலுக்கு வட்டியும் சேர வேண்டும். இதைத்தான் சி2 என்கிறார்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் செலவைக் கணக்குப் போடுவது நமக்குப் பொருந்தாது.

2. அந்த விலைக்குச் சட்டப் பாதுகாப்பு. டீசல், கூலி, மிஷின் வாடகை ஏற ஏற விலையும் தானாக ஏற வேண்டும். இதுதான் நெல்லுக்குப் பஞ்சப்படி.

3. அறுவடைக்கு முன்பே நேரடிக் கொள்முதல் நிலையம் திறக்க வேண்டும். நெல் களத்தில் கிடந்து மழையில் நனைந்த பிறகு 17 சதவீத ஈரப்பதம் பேசக் கூடாது.

4. கொசஸ்தலை ஆற்றிலும் ஆரணி ஆற்றிலும் தடுப்பணைகளைப் பராமரித்து, தேவையான இடத்தில் புதிதாகக் கட்டி, உப்பு ஏறிய கிணறுகளைக் கணக்கெடுத்து நிவாரணம் தர வேண்டும்.

5. ஆலைகளில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பஞ்சப்படி. நம்ம பிள்ளைகளுக்காக அவர்கள் சங்கத்தோடு சேர்ந்து நிற்போம்.

விவசாயத் தோழர்களே!

1982 ஜூலை 1-ல் சத்துணவு ஆரம்பித்தபோது நம்ம தம்பி தங்கைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தத் தட்டில் விழுந்த சோறு யாரோ ஒரு விவசாயி விளைவித்தது. இன்றும் அப்படித்தான். ஊருக்குச் சோறு சல்லிசாகக் கிடைக்கட்டும், அதில் நமக்குச் சந்தோஷம். சல்லிசாகக் கொடுக்கிற செலவை அரசு ஏற்கட்டும். அதை ஏன் நம்ம தலையில் மட்டும் கட்ட வேண்டும்?

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கையை வீசிக்கொண்டு வராதீர்கள். இந்தப் பருவத்தில் உழவு, விதை, நாற்று, உரம், மருந்து, கூலி, அறுப்பு, வண்டி வாடகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். வீட்டுப் பெண்களைக் கூட்டி வாருங்கள், கணக்கு அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அந்த நோட்டுகளை அப்படியே தாசில்தார் மேசையில் அடுக்குவோம். அதற்கு முன்னால் தரகர் நீட்டுகிற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்றைக்கு அப்பா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருப்போம்.

நெல்லுக்கும் வேண்டும் பஞ்சப்படி!
உழவர் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்