ஃபில்டர் வாங்குமுன் ஒரு வார்த்தை



நட்சத்திரத்தைப் படம் பிடிப்பதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம். என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கொத்து வேலை, அம்மா களை எடுக்கப் போவார். ஆனால் எங்க ஊர் வயற்காட்டில் நின்று அண்ணாந்தால் தெரிகிற பால்வீதிக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லையே! ஆகவே இந்த விஷயத்தில் பேச எனக்கும் உரிமை உண்டு என்று எழுதுகிறேன்.

நம் அறிவியல் மன்றத்திற்கு, வானத்தின் அகன்ற பரப்பைப் படம் எடுக்க ஒரு தொலைநோக்கி வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. எந்தக் குழாய், எந்த ஃபில்டர் என்று விடுதியில் தினமும் பட்டிமன்றம்தான். சங்கத்துப் பணம் நம் எல்லோருடைய சந்தாப் பணம். யோசித்துச் செலவழிக்க வேண்டாமா?

முதலில் குழாய். நீளமாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறோம். 70 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத்தூரமும் உள்ள குழாய், சந்திரனையும் சனியின் வளையத்தையும் கண்ணால் பார்க்க நல்ல கருவிதான். நமக்கு வேண்டியதோ அகன்ற வானம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா சென்சாரின் அகலத்தைக் குவியத்தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால், படத்தில் விழும் வானத்தின் அகலம் டிகிரியில் கிடைக்கும். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சார் அகலம் சுமார் 22 மி.மீ. 900 மி.மீ. குழாயில் 1.4 டிகிரிதான் வரும். ஆண்ட்ரோமீடா மண்டலமோ சுமார் 3 டிகிரி நீளம். தலை வந்தால் வால் வராது! 50 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத்தூரமும் உள்ள சின்னக் குழாயில் 5 டிகிரி கிடைக்கும். முழுசும் அடங்கிவிடும்.

இன்னொன்று. சின்னக் குழாயின் குவியத்தூரம் அதன் விட்டத்தைப் போல 5 மடங்கு. நீளக் குழாயில் கிட்டத்தட்ட 13 மடங்கு. பரந்து மங்கிய நெபுலாவைச் சின்னக் குழாயில் ஒரு நிமிஷத்தில் எடுத்தால், அதே அடர்த்திக்கு நீளக் குழாயில் ஆறு நிமிஷத்துக்கு மேல் திறந்து வைக்க வேண்டும். ஆகவே சின்னதே போதும். ஆனால் நிறப்பிறழ்ச்சி குறைந்த ஈ.டி. கண்ணாடி வில்லையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வளையம் விழும்.

அடுத்தது தாங்கி. பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. தாங்கி அதற்கு ஈடாகத் திரும்பாவிட்டால், 250 மி.மீ. குழாயில் இரண்டு வினாடியிலேயே நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும். அதனால் பணத்தில் பெரும்பங்கு சுழலும் தாங்கிக்குத்தான் போக வேண்டும். அதுவும் நம்ம ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்டு வாங்க வேண்டும். துருவ நட்சத்திரம் இங்கே 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. அவ்வளவு தாழ இறங்காத தாங்கியும் உண்டு.

பணம் போதவில்லையா? மெக்கானிக்கல் நண்பர்கள் எதற்கு இருக்கிறார்கள்! இரண்டு பலகை, ஒரு கீல், 1 மி.மீ. பிட்ச் உள்ள எம்-6 போல்ட். கீலிலிருந்து 228.5 மி.மீ. தூரத்தில் போல்ட்டைப் பொருத்தி, நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மோட்டார் வைத்தால் பலகை பூமியோடு சேர்ந்து திரும்பும். தொலைநோக்கியைத் தாங்காது, கேமராவின் 50 மி.மீ. லென்ஸில் நட்சத்திரக் கூட்டங்களை எடுக்கத் தாராளமாகப் போதும்.

இப்போது ஃபில்டருக்கு வருகிறேன். என் கருத்து வேறுபடுவது இங்கேதான். முன்பு தெருவெல்லாம் சோடியம் விளக்கு. அதன் மஞ்சள் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டர் பக்கத்திலேயே குவிந்திருந்தது. அந்தத் துண்டை மட்டும் தடுத்தால் வானம் ஓரளவு கறுத்துவிடும். 2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் எல்.இ.டி. விளக்குகள் பரவின. மின்சாரம் மிச்சம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளை எல்.இ.டி. 450 நானோமீட்டரில் ஒரு உச்சம் காட்டி, அதற்கப்பால் சிவப்பு வரைக்கும் பரவி நிற்கிறது. எதைத் தடுப்பது? எதை விடுவது? திருடனும் வீட்டுக்காரனும் ஒரே சட்டை போட்டு வந்த கதைதான்!

நெபுலாக்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஹைட்ரஜன் ஒளி 656 நானோமீட்டரிலும் ஆக்ஸிஜன் ஒளி 501-இலும் வருகிறது. இந்த இரண்டை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர் ஓரியன் நெபுலாவுக்கு நன்றாகவே உதவும். ஆனால் ஆண்ட்ரோமீடாவும் நட்சத்திரக் கொத்துகளும் எல்லா நிறத்திலும் ஒளிர்பவை. அவற்றின் ஒளியையும் சேர்த்தே அது வெட்டிவிடும். போதாக்குறைக்கு, சாதாரண கேமராவுக்குள் இருக்கும் தடுப்புக் கண்ணாடியே அந்த 656-இல் பெரும்பகுதியை விழுங்குகிறது. இதற்கு அப்பாவின் பல நாள் கூலியைக் கொட்டலாமா? அந்தப் பணத்தில் பத்துப் பேர் ஜவ்வாது மலைக்குப் பஸ்ஸில் போய் வரலாம். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-இல் நிறுவியதும் அந்த மலையின் இருட்டை நம்பித்தானே? ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. நாளைக்கு ஊராட்சியிலும் நகராட்சியிலும் விளக்குக் கம்பம் நடப்போகிறவர்கள் யார்? டிப்ளமோ படித்த நாம்தான்! நீல ஒளி, சோடியத்தின் மஞ்சளைவிடக் காற்றில் ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறும். ஆகவே 3000 கெல்வினுக்கு மேற்படாத விளக்காகக் கேட்போம். மேலே ஒளி சிந்தாத மூடி போடுவோம். "விளக்கை மறைத்தால் இரவில் தங்கச்சிமார் எப்படி நடப்பார்கள்?" என்று கேட்கலாம். அணைக்கச் சொல்லவில்லையே! ஆகாயத்துக்குப் போகிற வெளிச்சத்தைப் பாதைக்குத் திருப்பச் சொல்கிறேன். கண் கூசாது, பாதையும் நன்றாகத் தெரியும். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அமைத்தபோது விளக்குகளுக்கு மூடி போட்டுத்தான் வானத்தைக் காத்தார்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: சின்னக் குழாய் வாங்குங்கள், நல்ல தாங்கி வாங்குங்கள், ஃபில்டரைத் தள்ளி வையுங்கள். முதல் மூடியை நம் விடுதி வாசல் விளக்குக்கே போடுவோம். தகரம் வெட்ட நான் தயார். கூட வர நீங்கள் தயாரா?

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை