டோகாவும் பிட்டும்

வங்க மொழியில் 'டோகா' என்றால் குறித்துக்கொள்வது, பார்த்து எழுதுவது. 'டோகாடுகி' என்றால் தேர்வில் காப்பியடிப்பது. நம்மூர் பிட்டுக்கு அங்கே 'சோத்தா'. இந்தச் சொற்களை எனக்குக் கற்றுத்தந்தவர் வங்காளி அல்ல, தஞ்சாவூர்க்காரர். தொண்ணூறுகளில், கொல்கத்தா இன்னும் கல்கத்தாவாக இருந்தபோது, அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவர்.

சேர்ந்த முதல் வருடமே சோத்தாவும் கையுமாக ஒரு பையனைப் பிடித்தார். விடைத்தாளை வாங்கிவைத்துவிட்டுப் புகார் எழுத உட்கார்ந்தார். மூத்த பேராசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "பையன் வீடு அடுத்த தெருதான். நீங்கள் தினமும் எந்த வழியாக வீட்டுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

மிரட்டலா, அக்கறையா? உள்ளூர்க்காரராக இருந்தால் குரலை வைத்தே புரிந்துகொண்டிருப்பார். நண்பருக்கோ அப்போது பேருந்தில் டிக்கெட் வாங்கும் அளவுக்குத்தான் வங்காளி தெரியும்.

மூத்தவரின் பயத்துக்குக் காரணம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த நகரம் 'கண டோகாடுகி'யைப் பார்த்தது. அறை முழுக்கப் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும், கண்காணிப்பாளர் ஜன்னலைப் பார்த்து நிற்பார். அதற்குச் சற்று முன், நக்சலைட்டுகள் தேர்வைப் புறக்கணிக்கச் சொன்னபோதும் நடத்திக் காட்டியவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கோபால் சென். 1970 டிசம்பர் 30 மாலை, ஓய்வுபெறுவதற்கு முந்தைய நாள், வளாகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

இன்று கத்தி தேவைப்படுவதில்லை. 2016 ஆசிரியர் தேர்வில் விடைத்தாள் மதிப்பெண்ணிலேயே கைவைத்தார்கள். 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்கத்தில் ஆசிரியர்கள், ஊழியர்கள் என 25,753 நியமனங்களை ரத்து செய்தது. அசல் விடைத்தாள்கள் அழிக்கப்பட்டிருந்ததால், ஒழுங்காக எழுதியவர்களும் சேர்ந்தே வேலையிழந்தார்கள். அவர்களில் பலர் செப்டம்பரில் மறுபடி தேர்வு எழுத நேர்ந்தது, பத்து வருடம் இளையவர்களோடு.

தீர்ப்பன்று நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். "காப்பியடிக்காதவன் அதை எப்படி நிரூபிப்பான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் பிடித்த பையன்? புகாரில் கையெழுத்துப் போட்டாராம். ஒரு மாதம் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். அடுத்த வருடம் அதே பையன் அதே அறையில் உட்கார்ந்து, கையைத் தூக்கி அவரிடம் கூடுதல் தாள் கேட்டிருக்கிறான்.