லேப்டாப்பைக் கிணற்றில் போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைச் சகித்தவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் சகித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். "சார், பையன் ராத்திரியெல்லாம் கேம் ஆடுறான். காலேஜ் ரெண்டாவது வருஷம். ஒரு பேப்பர் அரியர் வேற. லேப்டாப்பைத் தூக்கிக் கிணத்துல போடலாம்னு இருக்கேன். நீங்க வந்து நாலு வார்த்தை சொன்னா கேப்பான்" என்றான்.

என்னை ஏன் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் அவன் வரலாற்றுப் புத்தகத்துக்குள் ராணி காமிக்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்கி வகுப்பு முன்னால் நாலாகக் கிழித்தவன் நான். கிழித்த கைதானே, இதையும் கிழிக்கும் என்று நம்பிக்கை.

வில்லியனூரில் பஸ் ஏறும்போது நானும் திட்டுகிற மனநிலையில்தான் இருந்தேன். பையன் எதிர்த்துப் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "தாத்தா, முதல்ல பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றான். பார்த்தேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அவன் ஆடுவது "கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33". பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் முப்பது பேர் அளவிலான ஒரு குழு, வெளியாட்களின் உதவியோடு செய்து 2025 ஏப்ரலில் வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதும் வாங்கியது. பிரான்சில் இருக்கும் நம் சொந்தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கதை இதுதான். லூமியேர் என்று ஒரு நகரம். கடலுக்கு அப்பால் ஒரு பெரிய கல்தூண். வருடம் ஒரு முறை ஓவியக்காரி ஒருத்தி எழுந்து அதில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேயே பூவிதழாய் உதிர்ந்து மறைந்துவிடுகிறார்கள். எண் ஆண்டுதோறும் ஒன்று குறைகிறது. கதை தொடங்கும் நாளில் அவள் எழுதுவது 33. போகப் போகிறவர்கள் கழுத்தில் மாலையோடு துறைமுகத்துக்கு நடக்கிறார்கள். இன்னும் ஒரு வருடமே மிச்சமுள்ளவர்கள் ஒரு படையாய்த் திரண்டு அவளை நிறுத்தக் கப்பல் ஏறுகிறார்கள்.

அந்த மறைவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "கொமாஜ்". ரப்பரால் அழிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையை அழித்தவன் நான். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் ஒரு கிழவன் இல்லை, கிழவி இல்லை. நம் பிள்ளையும் அநாதை ஆகத்தானே போகிறது, பெற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று கணவன் மனைவி பேசிக்கொள்கிறார்கள். முந்தைய வருடங்களில் போய்த் திரும்பாத படைகள், பின்னால் வருபவர்களுக்காக விட்டுப்போன குறிப்புகள் வழியெல்லாம் கிடைக்கின்றன. அதில் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பையன் என்னிடம், "நீங்க நோட்ஸ் எழுதிப் போட்ட மாதிரிதான் தாத்தா" என்றான். திட்ட வந்தவன் என்ன சொல்வேன்?

சண்டை இருக்கிறது. ஆனால் நம் தலைமுறை நினைப்பது போல டப்டப்பென்று சுட்டுக்கொண்டே இருப்பதில்லை. ஆடுபுலி ஆட்டம் போல முறைவைத்து ஆடுவது. உன் முறை வந்தால் நீ யோசித்து முடிக்கும் வரை ஆட்டம் காத்திருக்கும். எந்த மந்திரத்துக்கு எத்தனை புள்ளி செலவு, எந்த எதிரி நெருப்புக்குப் பணிவான், எவன் பனிக்குப் பணிவான் என்று கணக்குப் போட வேண்டும். எதிரியின் முறையில் மட்டும் சரியான நொடியில் பொத்தானை அமுக்கித் தடுக்க வேண்டும். இதற்கென்று பையன் ஒரு நோட்டே போட்டிருக்கிறான். கட்டம் கட்டி, அடிக்கோடிட்டு. என் வகுப்பில் அப்படி நோட்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். என் சண்டை பெரியவர்களோடுதான்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "கேம் ஆடும் பிள்ளை உருப்படாது" என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. எந்த கேம் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சீட்டும் கேம், இதுவும் கேம் என்று ஒரே மூட்டையில் கட்டினால் என்ன நியாயம்? சாராயமும் இளநீரும் குடிக்கிறதுதானே என்று சொல்வீர்களா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்கூடப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, மற்ற விளையாட்டுகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை. சீட்டில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர் நம் சொந்தத்திலேயே உண்டு. அவர் மாணவர் அல்ல, ஐம்பது வயதுப் பெரியவர். அவருக்கு இந்தக் குழுவில் யாரும் அறிவுரை போடவில்லை.

நான் பார்க்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று. கெடுக்கிற ஆட்டத்துக்கு முடிவு கிடையாது. இன்னும் ஒரு ரூபாய், இன்னும் ஒரு வீடியோ என்று இழுத்துக்கொண்டே போகும். கதை ஆட்டத்துக்கு முடிவு உண்டு. இதன் முக்கியக் கதை முப்பது மணி நேரம் போல ஓடும். அப்புறம் திரை விழும், பையன் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். நாவல் படித்து முடித்தவனுக்கு நடப்பதும் அதுதான். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்த நமக்கு நடந்ததும் அதுதான். சகுனி பகடை உருட்டுவதைப் பார்த்தவன் சூதாடியாகவில்லை, சூதின் கேட்டைத் தெரிந்துகொண்டான். அன்றைக்கும் "கூத்துப் பார்த்துக் கெட்டுப்போறான்" என்று என் அப்பா திட்டினார். அவர் இடத்தில் காமிக்ஸைக் கிழித்தபடி நான் நின்றேன். இன்று லேப்டாப்போடு நீங்கள் நிற்கிறீர்கள்.

அதற்காகப் பிள்ளைகள் பக்கம் குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இது பெரியவர்களுக்கான விளையாட்டு. ரத்தமும் சாவும் உண்டு. ஐரோப்பாவில் 18 வயது என்று முத்திரை குத்தித்தான் விற்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி வரை ஆடினால் அரியர் வரத்தான் செய்யும். அந்தக் குற்றம் கதையுடையது அல்ல, கடிகாரத்தைப் பார்க்காதவனுடையது. பொன்னியின் செல்வனை விடிய விடியப் படித்தாலும் கணக்குப் பரீட்சையில் முட்டைதான்.

உண்மையில் நாம் கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. இந்த விளையாட்டைப் போலிஷில் படிக்கலாம், கொரியனில் படிக்கலாம். தமிழில் முடியாது. நம் பிள்ளை இத்தனை பெரிய கதையை இரவல் மொழியில்தான் வாசிக்கிறான். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை "வெண்பா" என்று விளையாட்டாக டொரோண்டோவில் செய்தார்கள், 2024-ல் பாஃப்டா விருது வாங்கியது. அப்படியானால் நம்மால் முடியும். ஆனால் கிணற்றில் எறியப்பட்ட லேப்டாப்பிலிருந்து ஒரு தமிழ் விளையாட்டும் பிறக்காது.

அன்று சாயங்காலம் பேசி முடித்தது இது: காலேஜ் நாட்களில் பத்து மணிக்கு லேப்டாப் மூட வேண்டும். அரியர் முடியும் வரை ஆட்டம் சனி, ஞாயிறு மட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். கடைசி நிபந்தனைக்குத்தான் அதிக எதிர்ப்பு, அதுவும் அப்பாவிடமிருந்து. கிளம்பும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு உன் புத்தகத்தைக் கிழிச்சது தப்புடா" என்றேன். "அது என் புத்தகம் இல்ல சார், வாடகைப் புத்தகம். எட்டணா தண்டம் கட்டினேன்" என்று சிரித்தான்.

நேற்று அவனிடமிருந்து ஒரு செய்தி: "சார், அந்தத் துறைமுகக் காட்சியில எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பையன் பாத்துட்டான்."

என்னோடு சண்டை போட விரும்புபவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். ஆனால் முதலில் பிள்ளை பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள். வீட்டுப்பாடம் செய்யாதவனோடு நான் வாதாடுவதில்லை.

உங்கள் வாத்தியார்