ராதிகாவை ‘கூத்தாடி’ என்று திட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள்

2024 நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகரில் பாஜக வேட்பாளராக நின்ற ராதிகா சரத்குமார் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். காங்கிரசின் மாணிக்கம் தாகூர், தேமுதிகவின் விஜய பிரபாகரனை 4,379 வாக்குகளில் வென்றார். ராதிகாவுக்குக் கிடைத்தது சுமார் 1.66 லட்சம் வாக்குகள். ‘கூத்தாடிக்கு எதுக்கு அரசியல்?’, ‘சீரியல்ல போய் அழச் சொல்லு’ என்ற கேலிகளை நம் தோழர்களும் சேர்ந்துதான் பகிர்ந்தார்கள். அவர்களிடம்தான் இந்தப் பேச்சு.

தோழர்களே, ‘கூத்தாடி’ யாருடைய வசைச்சொல்? பறையடித்தவர்களையும் கூத்துக் கட்டியவர்களையும் வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர், அவர்கள் மேல் எறிந்த சொல் அது. மேடை ஏறிய பெண்ணை நடத்தையால் அளந்ததும் அதே ஊர்தான். பாஜகவை எதிர்ப்பதற்கு அந்தச் சொல்லைக் கடன் வாங்கினால் நாம் எதை எதிர்க்கிறோம்?

ராதிகாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1978இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானவர். கதாநாயகிகளை முப்பது வயதில் ஓரங்கட்டும் தொழிலில், ராடான் நிறுவனத்தைத் தொடங்கித் தானே முதலாளி ஆனார். 1999இல் சன் டிவியில் தொடங்கிய ‘சித்தி’ இரவு ஒன்பதரை மணிக்குத் தெருக்களைக் காலி செய்தது. ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று இரண்டு தலைமுறைப் பெண்கள் அவரோடு இரவுகளைக் கழித்தார்கள்.

நம் கேள்வி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பெண்களில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்களும் உண்டு. விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறி, பகலெல்லாம் திரி வைத்து, சரவெடி பின்னி, பீஸ் கணக்கில் கூலி வாங்கி, கையில் ஒட்டிய மருந்தைக் கழுவிவிட்டு டிவி முன் உட்கார்ந்தவர்கள். அவர்களில் பெரும்பங்கு நம் சேரிப் பெண்கள். அவர்கள் பார்த்த சீரியலில் பெரிய ஹால் இருந்தது, பூஜை அறை இருந்தது, குடும்ப மானம் இருந்தது. சாதிப் பெயர் மட்டும் உச்சரிக்கப்படவே இல்லை. ஆனால் அந்த வீடு யாருடைய வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். சேரிப் பெண் அங்கே வந்தால் வேலைக்காரியாக வருவாள். பட்டாசுத் தொழிலாளியை நாயகியாக வைத்த நெடுந்தொடர் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

பார்வையாளராக இருந்தவர்கள் 2024இல் வாக்காளர்கள் ஆனார்கள். அப்போதும் நிலைமை அதேதான். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 10 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. மே 9ஆம் தேதி சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் குறைந்தது 8 பேர் இறந்தார்கள், பலரும் பெண்கள். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. ஓட்டுப் போட்ட மையின் கறை மறையும் முன்பே சாவு.

இந்தச் சாவுகளுக்கு எல்லோரும் வெயிலைக் காரணம் சொல்வார்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று விதி உண்டு. உள்குத்தகைக்கு எடுத்தவர் போட்ட காசை எடுக்க மரத்தடியிலும் ஆள் உட்கார வைப்பார். பீஸ் கணக்குக் கூலி, கையை வேகப்படுத்தும். வேகம் உராய்வைக் கொண்டுவரும். 2012 முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போன பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

ராதிகா கணவர் சரத்குமார் 2007இல் தொடங்கிய கட்சியின் பெயரில் ‘சமத்துவம்’ இருந்தது. 2024 மார்ச்சில் அது பாஜகவில் கரைந்தது. வாக்கு எண்ணிக்கைக்கு முன்பு, மனைவி ஜெயிக்க வேண்டி அவர் விருதுநகர் மாரியம்மன் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்தார். ராதிகாவோ பெரியாரின் தொண்டர் எம்.ஆர்.ராதாவின் மகள். மேடையில் புராணங்களைக் கிழித்தவரின் மகள் எந்த அரசியலுக்குப் போனார் என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. அதே கேள்வியை ஜெயித்தவரிடமும் கேளுங்கள். உள்குத்தகையை ஒழிக்க என்ன செய்தீர்கள்? இறந்தவரின் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும்வரை யார் பொறுப்பு?

விருதுநகர் பொதுத்தொகுதி. ‘பொது’ என்றால் நம்மைத் தவிர மற்றவர்களுக்கு என்று பெரிய கட்சிகள் வாசித்துக்கொள்கின்றன. பட்டாசு ஆலையில் வேலை செய்த ஒரு தலித் பெண்ணைப் பொதுத்தொகுதியில் நிறுத்த எந்தப் பெரிய கட்சிக்குத் துணிவு இருக்கிறது?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு வேன் வருகிறது, ஓர் அறையில் எத்தனை பேர், ஆயிரம் பீசுக்கு என்ன கூலி, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? பெயரை மறைத்து, விவரத்தை மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த தேர்தலில் யார் வந்து கும்பிட்டாலும் அந்தத் தாளை நீட்டுவோம்.

ஜெய்பீம்!