மகாவலியும் குடியெழுப்பப்பட்டோரும்

ஹந்தானை மலைமுகட்டில் நின்று கீழே நோக்குவோருக்கு மகாவலி கங்கை முழுமையாகத் தெரிவதில்லை. பேராதனைப் பூந்தோட்டத்தை அது மூன்று புறமும் வளைந்து செல்லும் இடம் ஓரளவு தெரியும். பிறகு மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் இடையில் மறைந்து, கண்டி நகரின் மேற்கு, வடக்கு, கிழக்கு எல்லைகளைச் சுற்றிக்கொண்டு அது போய்விடும்.

அண்மையில் இந்த மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றுடன் நாம் காணிப் பிரச்சினை பற்றிக் கலந்துரையாடினோம். மலையகத்தவரும் இருந்தனர், மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருந்தனர். எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "சாமி, இந்தத் தண்ணி தானே திருகோணமலைக்குப் போகுது? போற வழியில ஒருத்தரும் அதுகிட்ட பெர்மிட் கேக்குறதில்ல. நம்மகிட்ட மட்டும் ஏன் கேக்குறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அவருக்கு உரிய விடை அன்று எம்மிடம் இருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அக்கேள்விதான்.

மகாவலி 335 கிலோமீற்றர் நீளமுள்ள, இலங்கையின் மிக நீண்ட ஆறு என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்ததே. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் மழைநீரை அது சேர்த்துக்கொள்கிறது. ஹட்டன் ஓயாவும் கொத்மலை ஓயாவும் கலந்து, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியைச் சுற்றி, மகியங்கனையில் சமவெளியை அடைந்து, மன்னம்பிட்டியைத் தாண்டி, வெருகல் என்ற கிளையையும் பிரித்துவிட்டு, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. எமது மக்கள் இந்த வழியின் இரு முனைகளிலும் வாழ்கிறார்கள். மேலே கொழுந்து பறிப்பவர்கள், கீழே நெல் விதைப்பவர்கள். ஒரே ஆற்று நீரைக் குடித்தும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பதே உண்மை.

இந்த ஆற்றின் பழைய வரலாறு பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஆற்றின் கிளையான அம்பன் கங்கையை மறித்து எலகெர வாய்க்கால் வெட்டப்பட்டது. மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டினான். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பராக்கிரம சமுத்திரத்தை உருவாக்கினான். இடையில் 11ஆம் நூற்றாண்டில் சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கி அதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். ஆற்றைக் கடக்கும் வழியைத் தம் கையில் வைத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம் எனலாம். மன்னர் பெயர்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கூடை சுமந்தவரின் பெயரையோ, குளம் நிரம்பியபோது குடிசையைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறியவரின் பெயரையோ அவை சொல்வதில்லை.

13ஆம் நூற்றாண்டின் பின் வறண்ட பிரதேசக் குளங்கள் சிதைந்து காடு மூடியபோது, அரசும் குடிகளும் தெற்கே நகர்ந்தன. 14ஆம் நூற்றாண்டில் கம்பளை தலைநகராயிற்று, பின்னர் கண்டி. கண்டிக்கு ஆறே அரணாக அமைந்தது. 1638இல் படையெடுத்து வந்த போர்த்துக்கேயர், ஆற்றங்கரையிலுள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கனின் படையிடம் அழிந்தனர். ஆற்றின் மறுமுனையான கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்டவர் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி. அவர் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்து, தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் பிடிபட்டதால் கொட்டியாரம் ஏடுகளில் ஏறியது. அக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும், தமிழ் பேசும் கரையோர வேடரும் அவ்வாறு ஏறவில்லை. பிற்காலத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இவை "வெறுங்காணிகள்" என்று சொல்ல முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்து.

வெறுங்காணி என்ற சொல்லுக்கு ஒரு சட்டப் பிறப்பும் உண்டு. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமானது. 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டுக்காணியையும் சேனைக்காணியையும் முடிக்குரியவை எனக் கொண்டது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தம் சேனைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அவ்வாறு இழந்தனர். அந்த மலைகளில் வேலை செய்ய, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்கள் எமது பாட்டன்மார். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் போக எஞ்சியவர்களே லயன்களுக்கு வந்து சேர்ந்தனர். காணியைப் பறித்தவர் வெள்ளைத்துரை. கிராமத்தவனின் கண்ணுக்கு நாள்தோறும் தெரிந்தவரோ லயத்துத் தமிழர். இக்கணக்கு அன்று தவறாக எழுதப்பட்டது, இன்றுவரை திருத்தப்படவில்லை.

1948இன் குடியுரிமைச் சட்டத்தையும் 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தையும் பற்றி எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தோட்டங்கள் அரசுடைமையானபோது, காணியற்ற கிராமத்தவருக்குக் காணி கிடைத்தது நியாயமே. ஆனால் அதே மண்ணில் நான்கு தலைமுறை உழைத்த தொழிலாளி "காணியற்றவர்" பட்டியலில் சேர்க்கப்படவில்லை. பல தோட்டங்களில் வேலையும் போய், லயமும் போய், கண்டி வீதிகளில் கையேந்தி நின்ற குடும்பங்களை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். 1977 மே மாதத்தில், தோட்டக்காணிகளைப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிரான போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்.

அடுத்து வந்தது மகாவலி அபிவிருத்தித் திட்டம். ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் உதவியுடன் 1960களில் தயாரான மூலத் திட்டம், ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஏக்கருக்கு நீர் வழங்குவதை 30 ஆண்டுகளில் நிறைவேற்ற எண்ணியது. 1976இல் பொல்கொல்ல அணை திறக்கப்பட்டு, மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக உக்குவலைக்குப் பாய்ந்தது. 1977இல் வந்த அரசு, "துரித" என்ற அடைமொழியைச் சேர்த்து, 30 ஆண்டு வேலையின் முக்கிய பகுதிகளை ஆறே ஆண்டுகளில் முடிக்க முற்பட்டது. பிரித்தானியப் பணத்தில் விக்டோரியா, சுவீடன் பணத்தில் கொத்மலை, மேற்கு ஜெர்மனியின் பணத்தில் ரந்தெனிகல, கனடாவின் பணத்தில் மாதுறு ஓயா என அணைகள் எழுந்தன. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அதன் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரிகின்றன. பழைய குடிகள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள்.

இவற்றால் நாடு அடைந்த பயனை நாம் மறுக்கவில்லை. நெல்லும் மின்சாரமும் கிடைத்தன. ஆயினும் மின்கம்பிகள் தலைக்கு மேலே போக, லயத்தில் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளையும் நாம் அறிவோம்.

கொத்மலையிலும் விக்டோரியாவிலும் வயலும் வீடும் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். பெரும்பான்மையினர் சிங்கள விவசாயிகள். சிலர் சமவெளிக் குடியேற்றங்களுக்குச் சென்று இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் பெற்றனர். மலையின் குளிர்ச்சியை விட்டுப் போக மனமில்லாத மற்றவர்களுக்கு அண்டிய தோட்டங்களில் தேயிலைக்காணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்தத் தேயிலையை வளர்த்தவர் யார், அவர் எங்கே போவார் என்பது கணக்கில் வரவில்லை. வெள்ளத்தில் மூழ்கியவனைக் கரையேற்ற, கரையில் நின்றவனைத் தண்ணீருக்குள் தள்ளிய கதை இது. தள்ளியது கரையேறியவனின் கையன்று. இவ்விடத்தில் எமது வாசகர்களில் சிலர் எம்மோடு உடன்படமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுகிறோம்.

சமவெளிக்குப் போனவர்களும் செழித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். இரண்டரை ஏக்கரைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க அனுமதிப்பத்திரம் இடம் தருவதில்லை. இரண்டாம் தலைமுறையில் பலர் வாய்க்கால் ஒதுக்குக்காணியில் கொட்டில் போட்டு வாழ்கிறார்கள். மாதுறு ஓயாவைச் சூழ்ந்த காடு 1983இல் தேசியப் பூங்காவானபோது, அங்கே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் பலர் குடியேற்றத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் ஒரு சில குடும்பங்களுடன் தம்பனையை விட்டு அசைய மறுத்தார். 1998இல் இறக்கும்வரை அவர் அசையவில்லை.

மகாவலியின் நீர் போகாத இடத்துக்கும் அதன் பெயர் போனது. 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து ஓடிய குடும்பங்கள் பல வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சென்று காடு வெட்டிப் பயிர் செய்தன. கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்களை எமது மக்கள் அறிவர். 1984இல் அங்கிருந்தும் அவர்கள் அகற்றப்பட்டு, சிறைக்கைதிகளும் அவர்களின் குடும்பத்தாரும் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கி, நிராயுதபாணிகளான பெண்களையும் பிள்ளைகளையும்கூடக் கொன்றனர். அதையடுத்துக் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் விவசாயிகள் தம் பூர்வீக ஊர்களிலிருந்து விரட்டப்பட்டனர். மணலாறு "வெலிஓயா" ஆயிற்று. 1988இல் அது மகாவலி அதிகார சபையின் "எல்" வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஒரு சொட்டு மகாவலி நீரும் அங்கே பாயவில்லை.

நீரே ஆயுதமான கதை ஆற்றின் கடைமுனையில் நடந்தது. 2006 யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாறு மதகை மூடினர். பயிர் கருகிய விவசாயிகளில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவருமே இருந்தனர். அரசபடை பதிலுக்கு நடத்திய தாக்குதல் முழுப்போராக மூண்டு, முதலில் மூதூர் முஸ்லிம்களும், தொடர்ந்து மூதூர் கிழக்குத் தமிழரும் ஊர்விட்டு ஓடினர். சம்பூர் மக்கள் அனல்மின் நிலையத்தின் பெயராலும் படைமுகாமின் பெயராலும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தடுக்கப்பட்டு, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணிகளை மீளப் பெற்றனர். அந்த அனல்மின் நிலையம் கட்டப்படவே இல்லை.

இவ்வளவையும் எழுதியது யார் முதலில் வந்தவர் என்று தீர்ப்பதற்காக அன்று. இந்த ஆற்றங்கரையில் எல்லோருமே ஏதோ ஒரு காலத்தில் வந்தவர்கள்தாம். முதலில் வந்தவருக்கே காணி என்ற வாதம் வேடரைத் தவிர வேறெவருக்கும் உதவாது. அவர்களுக்கும் அது உதவவில்லை என்பதைத் தம்பனை காட்டுகிறது. நாம் கேட்பது வேறு. ஆற்றை மறிக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், எழுப்பப்படும் குடும்பத்தின் கணக்கை முதலில் முடித்துவிட்டு அணையின் கணக்கைத் தொடங்க வேண்டும். ஒருவருக்குக் கொடுக்கும் காணியில் ஏற்கெனவே ஒருவர் உழைத்துக்கொண்டிருந்தால், அவருக்கும் அதே அளவு காணியும் அதே உறுதியும் கிடைக்க வேண்டும். கொத்மலையில் வயலிழந்த சிங்களக் குடும்பமும், அக்குடும்பத்துக்காகத் தேயிலை மலையிழந்த தமிழ்க் குடும்பமும் இக்கோரிக்கையை ஒன்றாக முன்வைக்கும் நாள்வரை, அதிகாரிகளுக்கு வேலை மிகவும் சுலபம்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையில் மகாவலி பெருக்கெடுத்தது; கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல இடங்களில் சரிந்தன. மீண்டும் இடம்பெயர்வு, மீண்டும் மாற்றுக்காணி பற்றிய பேச்சு. லயத்தில் இருந்தவர் வீட்டின் சொந்தக்காரர் அல்லர். ஒதுக்குக்காணியில் இருந்தவர் அங்கே இருந்ததாகவே எழுத்தில் இல்லை. 1840இல் கேட்ட அதே கேள்வியை மேசைக்கு அப்பாலிருந்து இன்றும் கேட்கிறார்கள்: நிரூபிக்கக் கடதாசி எங்கே?

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வருவோர் தம்மிடமுள்ள எதையும் வீசிவிடாமல் கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம். பிறப்பு அத்தாட்சி, வாக்காளர் இடாப்பின் பிரதி, சேமலாப நிதிக் கடிதம், பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரம், நெல் விற்ற பற்றுச்சீட்டு, எதுவானாலும் சரி. கடதாசி ஒன்றுமே இல்லாதவர்கள் ஊர்ப்பெயர், குளத்தின் பெயர், அயலில் இருந்தவர் பெயர்களைச் சொன்னால் நாம் எழுதிக்கொள்வோம்.

கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் மறுநாளே பிஸ்கட் டின் ஒன்றுடன் வந்தார். 1977இல் தோட்டத்தை விட்டு ஓடி, வவுனியாப் பக்கம் காடு வெட்டி, 1984இல் அங்கிருந்தும் எழுப்பப்பட்டு, மீண்டும் உறவினரின் லயத்துக்கே வந்து சேர்ந்தவர் அவர். டின்னுக்குள் இரண்டு பிறப்பு அத்தாட்சிகள், மனைவியின் பிரசவச் சிட்டை, 1982ஆம் ஆண்டு வெங்காய விதை வாங்கிய ரசீது. ரசீதின் மேல்மூலையில் அவரது பெயரும், அதன் கீழே இப்போது எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரின் பெயரும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. பென்சில் எழுத்து அழிந்துகொண்டு வருவதால், அதை முதலில் பிரதியெடுத்தோம்.