கெட்டிமேளம் கேட்டா... திரும்பி நில்லுங்க!

முகூர்த்த சீசன்ல குன்றத்தூர் பக்கம் வந்திருக்கீங்களா? முருகன் கோயில் படிக்கட்டுல மாலையும் கழுத்துமா ஜோடிகள் ஏறுவாங்க, இறங்குவாங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால ஒருத்தர் மட்டும் ரிவர்ஸ்ல படி இறங்கிக்கிட்டு இருப்பார். 'அண்ணே, பின்னால பார்த்து!'ன்னு கூட்டமே கத்தும். அவர்தான் போட்டோகிராபர்.

அவர்கிட்ட இப்போ எல்லா வீட்டுக்காரங்களும் கேட்கிறது 'கேண்டிட்'. போஸ் கொடுக்காம, கேமராவை மறந்து, மனுஷங்க மனுஷங்களா இருக்கும்போது எடுக்கிற படம். ஆனா நடக்கிறது என்ன? "சார், கேமராவைப் பார்க்காதீங்க... மேடம், லேசா சிரிங்க... ம்ம், இயல்பா இருங்க!" இயல்பா இருக்கச் சொல்லி நாலு டேக்! விளங்கிடும்!

வீக்எண்ட் ஆனா லைட்டைத் தூக்கிக்கிட்டு கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பிடற இன்ஜினீயரிங் பையன் சொல்றேன், கேட்டுக்கங்க. எல்லாரும் ஒரு பக்கம் பார்க்கும்போது, நல்ல படம் பெரும்பாலும் எதிர்ப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கும்.

மிச்ச ரெண்டு முடிச்சு

கெட்டிமேளம் கேட்டதும் மேடையைச் சுத்தி ஒரே செல்போன் காடு. (அதுல சிலது பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்லயே அசெம்பிள் ஆனதாக்கூட இருக்கலாம்!) மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் எல்லா போனும் கீழே இறங்கிடும். பல குடும்பங்கள்ல மிச்ச ரெண்டு முடிச்சைப் போடறது நாத்தனார். பூவுக்கும் பின்னலுக்கும் நடுவுல கயிறைத் தேடிப்பிடிச்சு, அவிழ்ந்துடக் கூடாதேன்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுப் போடுற அந்த அக்காவோட முகம் எத்தனை ஆல்பத்துல இருக்கு?

தாரை வார்க்கிறப்போ தண்ணி ஊத்துற அம்மாவோட கையை எல்லாரும் க்ளோசப் எடுப்பாங்க. ஊத்தி முடிச்சதும், சொம்பை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம ரெண்டு செகண்ட் கையிலயே வெச்சுக்கிட்டு நிப்பாங்க பாருங்க... படம் அங்கே இருக்கு.

அப்புறம் நம்ம ஏரியா ஸ்பெஷல். ஒரகடத்துல நைட் ஷிஃப்ட் முடிச்சு, யூனிஃபார்மைக்கூட மாத்தாம வந்து, கடைசி வரிசை சேர்ல உட்கார்ந்தபடியே தூங்கிப்போற நண்பன். மடியில மொய்க் கவர். பத்து வருஷம் கழிச்சு ஆல்பத்தைப் புரட்டுறப்போ மாப்பிள்ளைக்குத் தொண்டை அடைக்கிறது அந்தப் பக்கத்துலதான்.

எங்க ஊர் சீனியர்

எதிர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கிற இந்த டெக்னிக்ல எங்க ஊர்ல ஒரு சூப்பர் சீனியர் இருக்கார். பேரு சேக்கிழார்! ஆமாங்க, 12-ம் நூற்றாண்டுல சோழ அரசுல அமைச்சரா இருந்து பெரியபுராணம் எழுதின அதே சேக்கிழார், பக்கா குன்றத்தூர்க்காரர்.

அவர் எழுதின சுந்தரர் கல்யாணம் ஞாபகம் இருக்கா? புத்தூர்ல கல்யாணம். பொண்ணு, சடங்கவி சிவாச்சாரியாரோட மகள். எல்லாம் ரெடியா இருக்கிறப்போ ஒரு முதியவர் ஓலையோட வந்து, 'இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை'ங்கிறார். கல்யாணம் நின்னுபோச்சு. வழக்கு திருவெண்ணெய்நல்லூருக்குப் போகுது. வந்தவர் சிவபெருமான்னு தெரியுது. மாப்பிள்ளை பின்னாலயே கதையும் கிளம்பிடுது.

ஆனா சேக்கிழார் கொஞ்சம் திரும்பி, தனியா நின்னுபோன அந்தப் பொண்ணையும் பார்க்கிறார். சுந்தரரையே நினைச்சு வாழ்ந்து அவ சிவலோகம் சேர்ந்தாள்னு அவளுக்கும் ஒரு இடம் கொடுக்கிறார். மத்தவங்க யாரா இருந்தாலும் மாப்பிள்ளையோட போயிருப்பாங்க!

கட் பண்ணா அமெரிக்கா. 1996 செப்டம்பர் 21. ஜார்ஜியா மாகாணத்துல கம்பர்லேண்ட் தீவு. கரன்ட் இல்லாத குட்டி மர சர்ச்சுல, மெழுகுவத்தி வெளிச்சத்துல ஜான் எஃப். கென்னடி ஜூனியருக்கும் கரோலின் பெசெட்டுக்கும் கல்யாணம். போட்டோகிராபர் டெனிஸ் ரெஜி. சடங்கெல்லாம் முடிஞ்சு வாசலைத் தாண்டி வர்றப்போ, மாப்பிள்ளை பொண்ணோட கையை எடுத்து முத்தம் கொடுக்கிறார். க்ளிக்! உலகமே அந்தக் கல்யாணத்தை ஞாபகம் வெச்சிருக்கிறது அந்த ஒரு படத்தாலதான். நிகழ்ச்சி நிரல்ல 'கை முத்தம்'னு ஒரு ஐட்டமே கிடையாது.

கொஞ்சம் டெக்னிக்கல்

திரும்பி நின்னா மட்டும் போதாது பாஸ், அடுத்து என்ன நடக்கும்னு தெரியணும். கெட்டிமேளத்துக்கு முன்னால நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் ஐயரோட கையையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நீங்களும் அவங்களைப் பாருங்க. அவங்க உஷாரானா, நாம ரெடி!

மிரர்லெஸ் கேமராவுல சத்தமே வராத எலெக்ட்ரானிக் ஷட்டர் இருக்கு. கேண்டிட்டுக்கு வரப்பிரசாதம்தான். ஆனா மண்டபத்து எல்.இ.டி. லைட் காலை வாரிடும். நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பல லைட்டுகள் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்துல பட்டை பட்டையா கோடு விழும். ஷட்டரை 1/100-ல வெச்சா பெரும்பாலும் தப்பிச்சுடலாம். ட்ரிபிள் ஈ மக்களே, உங்க சிலபஸ் எங்கெல்லாம் உதவுது பாருங்க!

இன்னொண்ணு... கண்ணுல தண்ணி தெரிஞ்சதும் 'எமோஷனல் ஷாட்'னு குதிக்காதீங்க. பாதிக்குப் பாதி ஹோமப் புகை!

நிஜ அழுகைன்னா?

இங்கேதான் விஷயம் சீரியஸ். மண்டபத்துக்குப் பின்னால, வாழை இலைக் கட்டு பக்கத்துல போய் ஒரு அப்பா தோள் துண்டால கண்ணைத் துடைக்கிறார். மேடையில அழாம இங்கே வந்து ஏன் அழறார்? யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே? எதிர்ப் பக்கம் திரும்பி நிக்கிற நமக்கு மட்டும் அது தெரியுது.

எடுக்கலாமா? நான் எடுக்கிற கட்சி. ஒருநாள் அந்தப் பொண்ணுக்கு அந்தப் படம் வேணும். ஆனா அவர் பந்தியில உட்காரும் முன்னாலயே, சோகப் பாட்டு போட்டு ரீல்ஸ்ல ஏத்தி, ஊர் பேர் தெரியாதவங்க ஹார்ட்டின் போட்டுட்டு இருக்காங்களே... அது அவர்கிட்ட இருந்து திருடினது. படம் முதல்ல வீட்டுக்குப் போகட்டும். அவர் பார்க்கட்டும். 'போட்டுக்கோப்பா'ன்னு சொன்னா போடுங்க. வேணாம்னா, நாலு பேர் மட்டும் புரட்டுற ஆல்பத்துல அது பத்திரமா இருக்கட்டும். லைக் வராட்டி படம் கெட்டுப்போயிடாது.

கேமரா இல்லையேன்னு கவலைப்படாதீங்க. இந்த சீசன்ல அக்கா கல்யாணமோ, சீனியர் கல்யாணமோ நிச்சயம் ஒண்ணு வரும். கெட்டிமேளம் கொட்டும்போது அட்சதையைத் தூவிட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி ஒரே ஒரு தடவை கூட்டத்தைப் பாருங்க. முதல்ல எந்த முகம் கண்ணுல பட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க. படம் வேணாம், நாலு வரி போதும்.

வர்ட்டா!