தேவாங்குக்கும் கொஞ்சம் வழி விடுங்க

"தேவாங்கு மாதிரி முழிக்காதடா!" - கணக்கு வராம நான் நின்னப்பல்லாம் வீட்டுல விழுந்த அர்ச்சனை இது. உங்களுக்கும் விழுந்திருக்கும், வெக்கப்படாம ஒத்துக்குங்க மக்கா.

போன வாரம் ஆஸ்திரேலியாவுல இருக்கற ஒரு பொடிப் பிராணியைப் பத்திப் படிச்சப்போதான் இந்தத் தேவாங்கு ஞாபகம் திரும்ப வந்துச்சு. அதுக்குப் பேரு மலை பிக்மி பாஸம். (பாசம் இல்லீங்க, பாஸம்!) கங்காரு மாதிரியே வயித்துப் பையில குட்டி வளர்க்கற சாதி. ஆனா எடை சுமார் 45 கிராம்தான். பனி விழற மலை உச்சியில பாறை இடுக்குல குடித்தனம், குளிர்காலத்துல மாசக்கணக்குல தூக்கம். 1895-ல ராபர்ட் புரூம்ங்கறவர் குகையில கிடைச்ச பழைய எலும்பை வச்சுத்தான் இதுக்குப் பேரே வச்சார். எப்பவோ அழிஞ்சுபோன இனம்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்க, 1966-ல மவுண்ட் ஹோத்தம்ல ஒரு பனிச்சறுக்கு விடுதிக்குள்ள உயிரோட வந்து நின்னுது!

மேட்டர் இனிமேதான். இதுல பெண்கள் உச்சியில இருக்கும், ஆண்கள் கீழ்ச் சரிவுல. ஜோடி சேர மட்டும் ஆண்கள் மேல வந்துட்டு, அப்புறம் இறங்கிப் போயிடும். நடுவுல ரோடும் சறுக்குத் தளமும் வந்து பாறைப் பாதையை வெட்டிருச்சு. ஆண்கள் கலைஞ்சு போக வழியில்லாம சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் நெருக்கடி, பெண்கள் குளிர்காலத்தைத் தாண்டறதே கஷ்டமாச்சு. 1980-கள்ல அங்கே என்ன பண்ணாங்க தெரியுமா? ரோட்டுக்கு அடியில சுரங்கம் தோண்டி, உள்ளே பாறையைக் கொட்டி வச்சாங்க. 'காதல் சுரங்கம்'னு செல்லப்பேரு வேற. ஆண்கள் அதுவழியா இறங்கிப் போச்சு, பெண்கள் பிழைக்கறதும் கூடுச்சு.

இப்போ நம்மாளுக்கு வருவோம். தேவாங்குக்குப் பையெல்லாம் கிடையாது, அது குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். ராத்திரி பூச்சி பிடிச்சுத் தின்னும். முக்கியமா, அதுக்குத் தாவத் தெரியாது. கிளையைக் கெட்டியாப் பிடிச்சு அடுத்த கிளைக்கு மெதுவா நகரும். கிளை தொடர்பு அறுந்தா தரையில இறங்கணும். தரையில நாய், ரோட்டுல லாரி.

2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சாங்க. இந்தியாவுலயே தேவாங்குக்குன்னு முதல் சரணாலயம். மனசாரக் கைதட்டறேன். ஆனா எல்லைக்கோடு எங்கே முடியுதுன்னு தேவாங்குக்குத் தெரியாதே? வெளியே இருக்கற புளியமரத்துக்கும் வேலிக்கும்கூட அது வரும். அதனால என் கட்சி இதுதான்: தேவாங்கு இருக்கற ஊர்ல ரோட்டோர மரக்கிளைகளைத் தொட்டுக்க விடுங்க. வெட்டியே ஆகணும்னா குறுக்கே ஒரு கயித்துப் பாலமாவது கட்டுங்க. வால்பாறையில சிங்கவால் குரங்குக்காக ரோட்டுக்கு மேல பாலம் போட்டிருக்காங்க, அதுங்க அதுல ஜம்முனு போகுதுங்க.

"மனுசனுக்கே வழியில்ல, தேவாங்குக்கா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். தினம் காலையில சென்னீர்குப்பத்துல ஆவடி ரோட்டைத் தாண்டறதுக்குள்ள எனக்கு ஆபீஸ் பஸ்ஸே போயிடுது. வர்ற லாரியைப் பார்த்து ஓரமா நிக்கறப்போ நானும் தேவாங்கு மாதிரிதான் முழிக்கறேன். அதனாலதான் சொல்றேன், வழி இல்லாதவன் கஷ்டம் வழி இல்லாதவனுக்குத்தான் புரியும்.

உங்க ஊர்ப்பக்கம் தேவாங்கைப் பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எந்த மரம்னு மட்டும் சொல்லிடாதீங்க. மாந்திரீகம், மருந்துன்னு பிடிச்சு விக்கற கும்பலும் இருக்கு.